ஆபத்து: குறைவு

அன்று காலையில்தான் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த கணினி அது. அதில் யாரும் ஒரு கடிதம் எழுதியதில்லை, ஒரு படம் பார்த்ததில்லை, தங்கள் பெயரைக்கூடத் தட்டியதில்லை. அப்படியிருக்க, மதியம் இரண்டு மணிக்கு அவள் சல்லடையை முதல்முறை ஓட்டியபோது, திரையின் இடது மூலையில், இரண்டு விரல் அகலத்துக்கு, ஒரு சுவர் தெரிந்தது.

வெளிறிய பச்சைச் சுவர். அதில் ஒரு சுவிட்ச் பலகை. மூன்று சுவிட்சுகளில் நடுவில் இருந்தது உடைந்துபோய், மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பலகையைச் சுற்றி, பல வருடங்களாக விரல்கள் பட்டுப் பட்டு உண்டான ஓர் அழுக்கு வட்டம். யாரோ தினமும் வாழ்கிற ஒரு வீட்டின் சுவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

சல்லடை என்பது அவள் குழு ஒரு சோதனை நிரலுக்கு வைத்திருந்த பெயர். கணினியில் நாம் ஒரு பக்கத்தை மூடினால் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அந்தப் படத்தைத் தாங்கியிருந்த நினைவகம் உடனே அழிக்கப்படுவதில்லை. அடுத்து இடம் கேட்டு வரும் நிரலுக்கு, திரையை இயக்கும் மென்பொருள் (டிரைவர் என்பார்கள்) அந்த இடத்தைத் துடைக்காமலே தூக்கிக் கொடுத்துவிடும், முந்தின ஆள் எழுதியதை அழிக்காமல் அடுத்த ஆளிடம் நீட்டிய சிலேட்டைப் போல. அதுதான் குறை. சல்லடை போய் இடம் கேட்கும். வந்த இடத்தில் பழைய எச்சம் ஏதும் உண்டா என்று சலித்து, கிடைத்த துண்டுகளை ஒட்டிப் படமாகக் காட்டும்.

குறை இருப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு, அதைத் திருத்தும் நிரலான பேட்சைப் போட்டு, பிறகு அது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து மணிக்குள் அந்தப் பேட்ச் உலகம் முழுவதும் போக வேண்டும். பேட்ச் என்று சொன்னாலும் நான்கே வரிகள்தான்: இடத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பூஜ்யங்களால் நிரப்பு. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிவிடும். ஆனால் எச்சம் என்று ஒன்று கிடைப்பதற்கு, முன்னால் அங்கே ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு கணினிகள், அவற்றின் விசிறிகள் எல்லாம் சேர்ந்து எழுப்பும் ஒரே சீரான இரைச்சல், சூடான தூசியின் மணம், அதற்கு மேலே புது பிளாஸ்டிக்கின் இனிப்பான நெடி. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அது எந்த நேரமாகவும் இருக்கலாம்.

“என்னக்கா, டிக்கெட் எடுத்து உக்காந்த மாதிரி பாக்குறீங்க?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். சோதனைப் பிரிவுப் பையன். காலடிச் சத்தமே கேட்காமல் வந்து பின்னால் நிற்பவன் என்பதால் எல்லோரும் அவனைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

“இது புதுசுதானே?”

“நான்தான் பிரிச்சேன். பெட்டிய அறுக்குறப்ப கைய வேற அறுத்துக்கிட்டேன். ஏன்?”

“இந்த மூலையில என்ன தெரியுது?”

பூனை குனிந்து பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “புள்ளி. பச்சையா, சாம்பலா. வயர் புடுங்கின டிவி மாதிரி. உங்களுக்கு என்ன தெரியுது, வருங்கால வீட்டுக்காரரா?”

“போடா.”

“சொல்லிட்டுப் போறேன், மத்த பதினொண்ணுலயும் பேட்ச் ஏத்திட்டேன். உங்களுது ஒண்ணுதான் பாக்கி. நீங்க ஓகே சொன்னா சல்லடையோட ஆயிரம் ஓட்டம் ஆரம்பிச்சிடலாம்.” கோடியில் இருந்த தன் மேசைக்குப் போய்க் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

தொழிற்சாலையில் சோதிக்கும்போது பதிந்த படமாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கே வேலை செய்யும் யாரோ கேமராவைத் திறந்து பார்த்திருப்பார்கள். மின்சாரத்தை நிறுத்தியபின் நினைவகத்தில் எதுவுமே மிஞ்சாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் முறை ஓட்டினாள்.

சுவருக்குக் கீழே இன்னொரு துண்டு வந்து ஒட்டிக்கொண்டது. மேசையின் விளிம்பு. அதன்மேல் அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்கள், முப்பது நாற்பது இருக்கும், சரியாமல் நேர்த்தியாக அடுக்கியிருந்தன. உச்சியில் மூடி திறந்த சிவப்புப் பேனா.

அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

*

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், இந்தக் குறையைப் பற்றிய முதல் கடிதம் அவளுக்கு வந்தது. குறை கண்டுபிடித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதே தொழிலில் இருப்பவர்கள். அவர்கள் கடிதங்களில் ஒரு மிதப்பு இருக்கும். இது அப்படி இல்லை. ‘நான் ஒரு பள்ளியில் கணிதம் சொல்லித்தருகிறேன். கணினி பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடந்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று தெரியும்’ என்று ஆரம்பித்தது. தான் எழுதி மூடிவிட்ட ஒரு பக்கம், பிறகு அதே கணினியில் விளையாட்டு ஒன்றைத் திறக்கும்போது, கண் இமைக்கும் நேரத்துக்குக் கிழிந்த துணி போலத் திரையில் வந்து போகிறது. எந்த விளையாட்டு, எந்த நேரம், எத்தனை நொடி என்று எல்லாமே இருந்தது. கடைசியில் கோடு போட்ட ஓர் அட்டவணை. ‘இருபத்திரண்டு முறை முயன்றேன். பதினேழு முறை வந்தது.’

மனதுக்குள் அவள் அந்த ஆளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தாள். அன்று அவள் தலையில் நாற்பது கடிதங்கள் இருந்தன. அதனால் பதில் எழுதவில்லை.

ஒரு வாரத்தில் இரண்டாவது வந்தது. ‘வீட்டில் கணினி ஒன்றுதான் இருக்கிறது. நான் எழுதுவதை வீட்டில் இருக்கும் இன்னொருவர் பார்க்கக் கூடாது. அவர்தான் அந்த விளையாட்டை விளையாடுகிறவர்.’ மூன்றாவது அதற்கு நான்கு நாள் கழித்து வந்தது. ‘தொந்தரவுக்கு மன்னியுங்கள். நான் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அதனால் கேமராவைத் திறந்து, என் முகம் தெரியும் சிறு பெட்டியைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதில் என் பின்னால் கதவு தெரியும். கதவு அசைந்தால் எல்லாவற்றையும் மூடிவிடலாம். ஆனால் மூடினால் போதுமா என்பதுதான் இப்போது என் கேள்வி.’

அவள் படித்தாள். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறகு எண் கணக்கிடும் பக்கத்தைத் திறந்தாள். ஒரு குறையின் ஆபத்தை மதிப்பிட எட்டுக் கேள்விகள் உண்டு. அதில் முதலாவது: தாக்குபவர் எங்கே இருக்கிறார்? உலகத்தின் இன்னொரு மூலையில் உட்கார்ந்தபடியே செய்ய முடியும் என்றால் எண் மேலே ஏறும். அதே கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் முடியும் என்றால் எண் இறங்கும். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டவனிடம் பூட்டைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்பது அந்தத் தொழிலின் நியாயம். அவளும் அந்த நியாயத்தில் தேறியவள். பத்துக்கு மூன்று புள்ளி மூன்று வந்தது.

‘இந்தக் குறையைப் பயன்படுத்த, ஒருவர் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள், உங்கள் கணினியின் முன் இருக்க வேண்டும். எனவே ஆபத்து: குறைவு. தங்கள் அக்கறைக்கு நன்றி.’ கீழே நிறுவனத்தின் நீல நிறச் சின்னம். திறந்ததிலிருந்து மூடியது வரை ஒன்பது நிமிடம்.

நான்காவது கடிதம் வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால், எங்கோ ஒருவர், ஓர் இணையப் பக்கத்தில் இருந்துகொண்டே இந்த எச்சத்தை எடுத்துவிட முடியும் என்று காட்டினார். எண் எட்டைத் தாண்டியது. அலுவலகமே ஓடியது. பழைய பதிவுகளைத் தோண்டியபோது டீச்சரின் மூன்று கடிதங்களும் வெளியே வந்தன. போன வாரம் இன்னொன்றும் வந்தது. ‘என் அக்கா உங்களுக்கு எழுதியிருக்கிறார். அக்கா இப்போது இல்லை. நீங்கள் அவருக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.’

இப்போது இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தான் அந்தத் தம்பி. அதை அவள் குளிக்கும்போதும், படியேறும்போதும், பல் துலக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மூன்றாவது ஓட்டத்தில் கூந்தலும் ஒரு காதும் வந்தன. கம்மல் இல்லாத காது. மேலே மூக்குக் கண்ணாடியின் காம்பு. நான்காவதில் முகம்.

நாற்பது வயதிருக்கும். திரையின் வெளிச்சம் கீழிருந்து அடித்ததால் கன்னங்கள் நீலமாக இருந்தன. பெரிய சட்டம் போட்ட கண்ணாடி. உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன, எதையோ படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பிரிந்திருப்பது போல. தலைக்குப் பின்னால், படத்தின் வலது பக்கத்தில், மூடிய ஒரு கதவு.

அவள் கணினிப் பெட்டியைத் திறந்து குடைந்து பார்க்கவில்லை, தொடர்பு எங்கிருந்து வருகிறது என்று தேடவில்லை. செய்ய வேண்டியது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் கை ஓடவில்லை. இது யார் என்று நிரூபிக்க எந்த வழியும் இல்லாததே ஒரு நிம்மதியாக இருந்தது. டீச்சரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஊர்ப்பட்ட பேர் கண்ணாடி போடுகிறார்கள். ஊர்ப்பட்ட பேர் நோட்டுத் திருத்துகிறார்கள்.

ஐந்தாவது முறை ஓட்டினாள்.

முகம் அப்படியே இருந்தது. பின்னால் கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. பென்சிலால் கிழித்தது போல, அவ்வளவு மெல்லியது.

எச்சம் என்பது நின்றுபோன படம். அது நகராது. நகரவே முடியாது. அவள் மறுபடி ஓட்டினாள், அந்தக் கோடு துண்டுகள் சரியாக ஒட்டாததால் வந்ததுதான் என்று உறுதி செய்துகொள்வதற்காக மட்டும்.

கோடு ஒரு விரல் அகலம் ஆகியிருந்தது.

விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நாலு வரிதானே? ஏன் இன்னும் உக்காந்திருக்க?”

மேலாளர் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல மனிதர். பிறந்தநாளை ஞாபகம் வைத்திருப்பவர், காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போ என்று சொல்பவர். அவர் திரையைப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே அவருக்கும் அங்கே வெறும் புள்ளிகள்தான் என்பது தெரிந்தது.

“சோதிச்சிட்டிருக்கேன் சார்.”

“அந்தப் படிவம் முடிச்சியா? ‘தாமதத்துக்குக் காரணம்’னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. முதல்ல மதிப்பிட்டவங்கதான் அதை நிரப்பணும். அதில்லாம பேட்ச் வெளிய போகாது.”

“இன்னும் இல்ல சார்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “லெட்டர் போட்ட அந்தத் தம்பிக்கு நம்ம வக்கீல் அதே வரியத்தான் அனுப்பப் போறார். அதனால பாத்து எழுது. ‘கிடைத்த தகவல் போதவில்லை’ன்னு போடு. எல்லாரும் போடுறதுதான். யாரையும் கடிக்காத வரி.”

“எல்லாத்தையும் எழுதியிருந்தாங்க சார். அட்டவணை போட்டு.”

“அட்டவணை போட்டிருந்தாங்க. சரி. அப்ப அதை ஒன்பது நிமிஷத்துல மூடினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். என்ன சொல்லுவ?”

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வர்றது உன் பேரும்மா, என் பேரு இல்ல. அன்னைக்கு உன் தலையில எத்தனை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தப் பையன் மட்டும் என்ன, நீ உண்மைய எழுதினா நிம்மதியாத் தூங்கிடப் போறானா? விடு.” எழுந்து, அவள் நாற்காலியின் முதுகை இரண்டு தட்டுத் தட்டினார். “நாலு மணிக்குள்ள போடு. முகத்தப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. ஒரு டீ குடி.”

கதவு மூடிக்கொண்டது. அவள் அதைத் திரும்பிப் பார்த்து, நன்றாக மூடியிருக்கிறதா என்று கவனித்தபின்தான் திரைக்கு வந்தாள்.

*

அவள் பேட்சை ஏற்றினாள். இனி ஓட்டினால் கறுப்புதான் வர வேண்டும். சுவர் போய்விடும், நோட்டுகள் போய்விடும், அந்த முகமும் போய்விடும். அதைத்தான் அவள் விரும்பினாள் என்பதை அந்த நிமிடம் தனக்குள் ஒத்துக்கொண்டாள். குறையைச் சரிசெய்ய வேண்டும் என்பதைவிட அந்த முகத்தைத் துடைத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக இருந்தது.

ஓட்டினாள். கீழே எண் வந்தது. எச்சம்: 0.

படம் அப்படியே நின்றது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

பூஜ்யம் என்று எண் சொல்கிறது. அவள் கண்தான் சரியில்லை. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, யாருக்கும் இப்படித்தான் ஆகும். அவள் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். திரையின் சூடு நெற்றியில் பட்டது. டீச்சரின் மூக்குக் கண்ணாடியில், இரண்டு வில்லையிலும், அவர் படித்துக்கொண்டிருப்பதன் நிழல் விழுந்திருந்தது. இடம் வலமாக மாறிய எழுத்துகள், கடுகு கடுகாக. அவள் பெரிதாக்கினாள்.

இரண்டு நீண்ட வரி. ஒரு சின்ன வரி. கீழே நீலமாக ஒரு புள்ளி.

அந்த வடிவம் அவளுக்கு மனப்பாடம். நிறுவனத்தின் சின்னம் எந்த இடத்தில் வரும், எத்தனை வெற்று வரி விட்டு வரும் என்பதெல்லாம் மனப்பாடம். இரண்டு வாரமாக ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து பார்த்த பதில்.

அப்போது இவர் இதைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பதில் வந்துவிட்டது என்று அவசரமாகத் திறந்து, கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு சொல்லாக. இரண்டாம் முறையும் படித்திருப்பார், புரிந்தது சரிதானா என்று. திரையின் ஓரத்தில் இருந்த சிறு பெட்டியை, கதவைப் பார்ப்பதற்காகவே திறந்துவைத்த பெட்டியை, அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பார்க்காமல் இருந்திருக்கிறார். அவள் எழுதியது ஒரு வரி குறைவாக இருந்திருந்தால் போதும். ‘தங்கள் அக்கறைக்கு நன்றி’ என்பதை அவள் எழுதாமல் விட்டிருந்தால்கூட.

ஓட்டாமல் இருந்தால் கதவு இப்படியே நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும்தான் அது திறக்கிறது. ஓட்டுவது அவள். அவள் எழுந்து போய்விட்டால், இந்தக் கணினியை இப்படியே விட்டுவிட்டால், ஒரு சாண் திறந்த கதவுக்கு முன்னால் டீச்சர் படித்துக்கொண்டே இருப்பார். என்றைக்கும். ஆனால் ஐந்து மணிக்குள் பேட்ச் போகாவிட்டால், இதே போல இன்னும் எத்தனை வீடு. எத்தனை மேசை. ஆயிரம் ஓட்டம் முடியாமல் பேட்ச் போகாது.

மூன்று ஐம்பது.

படிவத்தைத் திறந்தாள். தாமதத்துக்குக் காரணம். கட்டத்துக்குள் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

‘மூன்று கடிதங்களையும் நான் படித்தேன்’ என்று அடித்தாள். ‘அவர் தேவையான எல்லாவற்றையும் எழுதியிருந்தார். வீட்டுக்குள் இருப்பவர் என்றால் ஆபத்து இல்லை என்று முடிவு செய்தது’ என்று வந்து நின்றாள். அடுத்த சொல் ‘நான்’. இரண்டே எழுத்து. அவளுடைய அம்மா செய்தியில் பார்ப்பாள். அவள் அக்காவை மாமியார் வீட்டில் கேட்பார்கள். இனி எந்த அலுவலகத்திலும் யாரும் அவளை நம்பி ஒரு வேலை தர மாட்டார்கள். அந்தத் தம்பி அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தெரு தேடி வருவானா? வந்து நின்று, ஒன்றும் பேசாமல், முகத்தைப் பார்ப்பானா? அதுதான் இருப்பதிலேயே பயங்கரமாக இருந்தது.

விரல் ஒரே விசையை அழுத்திப் பிடித்தது. எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. கட்டம் காலியானது.

‘கிடைத்த தகவல் போதவில்லை.’

சமர்ப்பித்தாள். நன்றி என்று வந்தது.

“பூனை,” என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. “ஆரம்பிச்சிடு.”

“பன்னெண்டுலயுமா?”

“பன்னெண்டுலயும்.”

*

நொடிக்கு இரண்டு ஓட்டம். விசிறிகளின் இரைச்சல் ஒரு படி ஏறியது. பன்னிரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன. பன்னிரண்டிலும் அதே பச்சைச் சுவர்.

ஒன்று. எச்சம்: 0. இரண்டு. எச்சம்: 0.

பூனை தலையை ஆட்டியபடி ஹெட்ஃபோனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கறுப்புத் திரையின் வெளிச்சமின்மைதான் இருந்தது. அவள் முகத்தில் மட்டும் பச்சை படர்ந்தது. தன் புறங்கையில் அந்தப் பச்சையை அவள் பார்த்தாள்.

நாற்பது. அறுபது. தனித்தனிப் படமாக இருந்தது இப்போது ஓடத் தொடங்கியது. கதவு சத்தமில்லாமல், தயக்கமில்லாமல் திறந்தது. வீட்டில் இருப்பவர் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறையின் கதவைத் திறப்பது போல. ஓர் ஆண். வீட்டு உடை. காலில் ரப்பர் செருப்பு. கையில் தண்ணீர் டம்ளர். குடித்துக்கொண்டே வந்தான்.

நூற்றிருபது. டீச்சர் படித்துக்கொண்டிருந்தார்.

அவன் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். குனிந்தான். தோளுக்கு மேலே அவன் முகம் வந்தது. அவனும் படித்தான். அவன் உதடுகள் அசைந்தன. எழுத்துக் கூட்டிப் படிப்பது போல மெதுவாக. எந்தச் சொல்லில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஏற்கெனவே. உங்கள். வீட்டுக்குள்.

“பாருங்க,” என்றாள் அவள். வாய்க்குள்ளேதான். “டீச்சர். ஓரத்துல பாருங்க.”

முந்நூறு. அவன் டம்ளரை நோட்டுகளின்மேல் வைத்தான். சிந்தாமல் வைத்தான். திரும்பி நடந்தான். போய்விட்டான் என்று அவள் நினைத்தாள். ஒரு நொடி அப்படி நினைத்தாள்.

அவன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளை மேலே தள்ளினான்.

திரும்பி வந்தான்.

நானூற்றைம்பது.

அவள் நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. விசைப்பலகையைத் தட்டினாள். ஓட்டம் பூனையின் மேசையிலிருந்து நடந்தது. இங்கே எதைத் தட்டியும் பயனில்லை. எழப் போனாள்.

டீச்சர் தலையை உயர்த்தினார்.

ஓரத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்க்கவில்லை. நேராக, திரைக்கு இந்தப் பக்கம், அவளைப் பார்த்தார். கண்ணாடி வில்லைகளில் இருந்த எழுத்து மாறியிருந்தது. நீண்ட வரிகள் இல்லை. நீலப் புள்ளி இல்லை. ஒரே ஒரு சின்ன வரி. மூன்று சொல், அவள் சமர்ப்பித்தவை.

அவர் அதைப் படித்தார். படித்து முடித்தார்.

முகத்தில் கோபம் இல்லை. விடையைத் தப்பாக எழுதிய பிள்ளையைப் பார்ப்பது போல, எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிற பார்வை. பின்னால் அந்த ஆளின் நிழல் எழுந்து அவர் தலையை மூடியது.

ஐந்நூறு. அறுநூறு.

அவர் கையை நீட்டினார். உள்ளங்கை பெரிதாகிக்கொண்டே வந்தது. சிவப்பு மைக் கறை. ரேகைகள். திரை முழுக்கக் கை. தட்டியது. சத்தமில்லை. மறுபடி தட்டியது. பன்னிரண்டு திரையிலும்.

அப்போது மேலிருந்து கறுப்பு இறங்கத் தொடங்கியது. அவள் எழுதிய நான்கு வரி. வரிசை வரிசையாக, விட்டுவிடாமல், பூஜ்யம் பூஜ்யமாக. சுவர் போனது. சுவிட்ச் பலகை போனது. விரல் நுனிகள் போயின. உள்ளங்கை போனது. மணிக்கட்டு கடைசிவரை தாக்குப்பிடித்தது.

கறுப்பு.

“ஆயிரம்,” என்றான் பூனை, ஹெட்ஃபோனைக் கழற்றியபடி. “பன்னெண்டும் பாஸ். எச்சம் பூஜ்யம். வெளிய அனுப்பிடட்டுமாக்கா?”

அவள் தலையை அசைத்தாள். எந்தப் பக்கம் அசைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒரு விசையை அழுத்தினான். பேட்ச் போனது.

பிறகு அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, அவள் முன்னால் இருந்த திரைக்குக் கிட்டே வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“இதுல யாரு கைய வச்சது அக்கா? புது ஸ்கிரீன்.”

கறுப்புக் கண்ணாடியில் ஒரு கை அச்சு இருந்தது. வியர்வை ஈரம் மாறாத ஐந்து விரல். பூனை சட்டைக் கையை இழுத்துப் பிடித்துத் துடைத்தான். அழுத்தித் துடைத்தான். வாயால் ஊதிவிட்டு மறுபடி துடைத்தான்.

“போக மாட்டேங்குது,” என்றான். அடுத்த திரையைப் பார்த்தான். அதற்கு அடுத்ததைப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. “அக்கா, இது உள்பக்கம் இருக்கு போலிருக்கு.”

அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு கண்ணாடிகளிலும் அந்த விரல்கள், ஒரே நேரத்தில், அழுத்தம் குறையாமல், யாரோ காலைப் பிடித்துப் பின்னால் இழுப்பது போலக் கீழ்நோக்கி நழுவத் தொடங்கின.